நீ உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு

பிப்ரவரி 3

தம்பிக்கு,

பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது எழுதுகிறாளே, அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. வண்டி சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கும் சிக்னலில் ஒருவன், "என்னம்மா, சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் மல்லாந்தபடி காலை நீட்டி மிதிக்கிற ஒரு பொம்பளை. கேட்கத்தான் செய்வார்கள். காது நரம்பு கெட்டுப்போய், இரண்டு சக்கரத்தில் ஏறினால் தலை சுற்றி விழுகிறவளுக்குத் தம்பி வெளிநாட்டிலிருந்து பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்பியது என்று ஒவ்வொருவனுக்கும் நின்று விளக்க முடியுமா? "ஆமாப்பா, அடுத்த மாசம் கட்டிலுக்கும் மாட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இறக்கத்தில் போனால் இடுப்புக்கு இரண்டு பக்கமும் இருக்கிற கைப்பிடிகள் நடுங்குகின்றன. நேராகப் பிடித்தாலும் வண்டி இடது பக்கமாகவே ஒதுங்குகிறது. திருப்பினால் உடனே திரும்புவதில்லை. கைப்பிடி ஒரு விரற்கடை சும்மா ஆடிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகிறது. நேற்று ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளக்கப் போனபோது, நின்றிருந்த வேனின் பின்பக்கத்தில் முட்டியிருப்பேன். திரைச்சீலைத் துணி ஒரு சுருள் கூடையிலிருந்து தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. துணி கொடுத்த கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பஞ்சர்க் கடைக்காரரிடம் காட்டினேன். "இதுல நான் கை வைக்க மாட்டேம்மா. செஞ்சவரையே கேளுங்க" என்றார். செஞ்சவரைக் கேட்கிறேன்.

போன் செய்யாதே. போனில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். போன தடவை நடந்தது போதும். எழுது.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

மெதுவாகப் போனாலும் நடுங்குகிறதா, வேகத்தில் மட்டுமா? இறக்கத்தில் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பிரேக் பிடிக்கும்போது இடது பக்கம் இழுக்கிறதா, பிடிக்காமலே இழுக்கிறதா? அதுவும் இல்லை. ஜன்னலுக்கு நூல் பிடித்து அளக்கிறவள் வண்டியைப் பற்றி எழுதும்போது மட்டும் கதை எழுதுகிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்படியும் இருக்கலாம்.

சரி, இதைச் செய்து பார். வண்டியை நிறுத்திவை. கீழ்வீட்டு டீச்சரை முன்சக்கரம் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல். நீ கைப்பிடியை ஆட்டு. இருக்கைக்கு அடியில் கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்கு இரண்டு கம்பிகள் போகும். பட்டறையில் அதை டை ராட் என்போம். அதன் நான்கு முனையிலும் குமிழ் மாதிரி மூட்டு இருக்கும். எந்த மூட்டு கடகடக்கிறதோ அது தேய்ந்துவிட்டது. மூன்று வருஷ ஓட்டத்துக்குத் தேயத்தான் செய்யும். நான்கையும் மாற்றிவிடு. புதிதாக நான்கு அனுப்பியிருக்கிறேன். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று சுற்றினால் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள், புதியதை அதே சுற்றுக்கு ஏற்று. இது முக்கியம்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் பிரிக்காமல் மேஜையில் கிடந்தது. உன்னிடமிருந்து கடைசியாக வந்த செய்தி என்ன என்று உனக்கே தெரியும். அம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்ததை, எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் போனில் சொன்னாய். ஏதோ வாடகைக்காரர் காலி செய்துவிட்டார் என்பது போலச் சொன்னாய். உன் கையெழுத்தைக் கண்டதும், இந்தத் தடவை எது முடிந்த பிறகு சொல்கிறாயோ என்று பயந்தேன். வண்டி என்று பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

பார்சல் வந்தது. மூட்டு நான்கையும் பஞ்சர்க் கடைக்காரர்தான் மாட்டினார். நீ அனுப்பிய பளபளப்பைப் பார்த்ததும் அவருக்குக் கை வைக்கத் துணிவு வந்துவிட்டது. டீச்சர் பக்கத்தில் நின்று சுற்றுகளை எண்ணினார். முப்பது வருஷம் பிள்ளைகளின் தலையை எண்ணிய பழக்கம், ஒன்றுகூடத் தப்பவில்லை.

நடுக்கம் நின்றது. இடது பக்கம் ஒதுங்குவதும் இல்லை. நீ கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது வேறு கதை. வண்டி இழுக்கிறது. சமமான ரோட்டில் போனாலும் ஏற்றத்தில் போகிற மாதிரி இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் நாலு அடியில் நின்றுவிடுகிறது. முன் டயர் இரண்டும் ரோட்டில் தேய்கிற சத்தம் கேட்கிறது. நேற்றுப் பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் ஓரமாக நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மொத்தமும் திரை தைக்கிறேன். ஒரே கட்டடம், ஒரே கொத்தனார், ஆனால் ஒரு ஜன்னல் அளவு இன்னொரு ஜன்னலுக்கு வரவில்லை. கட்டியவன் கையில் டேப்பே இருந்திருக்காது.

அம்மா விஷயத்தைக் கிளறாதே என்றால் கேட்க மாட்டாய். கேட்டுக்கொள். நான் செய்தது சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லாத. சொன்னா ஓடி வந்துடுவான். வேலை போயிடும். வந்து என்ன பண்ணப் போறான், என் கட்டில சுத்திச் சுத்தி நடப்பான்" என்றாள். அப்படிக் கேட்கிறவளிடம் முடியாது என்று நீ சொல்லியிருப்பாயா? அந்த ஆறு மாதம் நான் தனியாகப் பட்டதை உன்னிடம் சொல்லி அழ எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

அம்மா சொன்னாள் என்கிறாய். அம்மா சொன்னதையெல்லாம் கேட்கிற பிள்ளையாக நீ எப்போதிலிருந்து ஆனாய்? கல்யாணம் வேண்டாம் என்று நின்றபோது கேட்டாயா? வேலையை விட்டுக் கடை வைத்தபோது கேட்டாயா? எனக்கு வலிக்கிற ஒரு விஷயத்தில் மட்டும் கேட்டிருக்கிறாய். கட்டிலைச் சுற்றி நடப்பேன்தான். அதற்குத்தான் வந்திருப்பேன். அதைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை நீங்கள் இரண்டு பேரும்.

இதை இதோடு விடுகிறேன்.

இழுப்பதற்குக் காரணம் இருக்கும். முன்சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக ஓட வேண்டும். முன்பக்கம் மட்டும் துளி உள்வாங்கி இருந்தால்தான் வண்டி அலையாமல் நேராகப் போகும். அதிகமாக உள்வாங்கினால் இரண்டு டயரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தேயும். உனக்கு இப்போது நடப்பது அதுதான்.

அளக்கிற விதம் சொல்கிறேன். சக்கரத்தின் நடு உயரத்தில் டேப்பைப் பிடித்து, இரண்டு விளிம்புக்கும் நடுவில் உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை எடுக்க வேண்டும். பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. நீ உட்கார்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும். காலியாக நிற்கிற வண்டியை அளந்து பயனில்லை. ஆள் ஏறினால் குறுக்குச் சட்டம் கொஞ்சம் தழையும், அப்போது சக்கரங்கள் சற்று விரியும். காலியாக இருக்கும்போது எட்டு காட்டும்படியும், நீ ஏறியதும் ஒன்றரைக்கு வரும்படியும் வைத்து அனுப்பினேன். உன் எடையைக் கேட்டு எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தாய். எங்கள் பட்டறையில் ஆஸ்பத்திரிக் கட்டில்களைச் சோதிக்க மணல் பைகள் வைத்திருக்கிறோம். அறுபத்தெட்டு கிலோ மணலை இருக்கையில் அடுக்கி, அதை நீ என்று வைத்துக்கொண்டுதான் சரிபார்த்தேன். நீ அந்த வண்டியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத் திரை என்ன நிறம்?

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நிறம் சாம்பல் பச்சை. தலைமை ஆசிரியருக்கு ஊதா வேண்டுமாம். "சார், ஊதாவுல பிள்ளைங்க தூங்கிடும்" என்று சொல்லி மாற்றினேன். அப்படி ஒன்றும் இல்லை, ஊதாத் துணி சாயம் போகும், அதைச் சொன்னால் அப்படியானால் விலையைக் குறை என்பார்.

அளந்தாயிற்று. வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, நான் அதில் உட்கார்ந்து, டீச்சர் ஒரு பக்கம் மண்டியிட்டு, பஞ்சர்க் கடைக்காரர் இன்னொரு பக்கம் குப்புறப் படுத்து. நான் மல்லாந்தபடியே உத்தரவு போட்டேன். டேப் தொய்யக் கூடாது, நகத்தை வைத்த இடத்திலிருந்து எடுக்கக் கூடாது, கண் நேராக இருக்க வேண்டும் என்று. டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உங்க கிளாஸ்ல உக்காந்திருக்கிற பிள்ளை இல்ல" என்றார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருவன் வண்டிக்கு அளவெடுத்து உடுப்புத் தைக்கப் போகிறோமா என்று கேட்டான்.

மூன்று தடவை எடுத்தோம். மூன்றும் ஒத்துவந்தால்தான் நான் எழுதுவேன், உனக்குத் தெரியும். நான்கு. முன்பக்கம் நான்கு மில்லிமீட்டர் குறைவு. நீ சொன்ன ஒன்றரை இல்லை.

இனி எந்த நட்டை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று எழுது. நிதானமாக எழுது, அவசரமில்லை. வேலை கொஞ்சம் குறைவுதான் இப்போது.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நான்கு வர வாய்ப்பே இல்லை. சுற்றுகளைச் சரியாக எண்ணி ஏற்றியிருந்தால் பழைய அளவுதான் வர வேண்டும். யாரோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள். டீச்சருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம்.

அல்லது அந்த வேனில் முட்டியிருப்பேன் என்று எழுதினாயே, உண்மையில் முட்டிவிட்டு என்னிடம் மறைக்கிறாயா? சட்டம் வளைந்திருந்தாலும் இப்படி வரும். நீ இறங்கிக்கொண்டு காலி வண்டியை ஒரு தடவை அள. எட்டு வந்தால் சட்டமும் கம்பியும் நன்றாக இருக்கின்றன. வேறு எது வந்தாலும் எழுது, புதுச் சட்டம் அனுப்புகிறேன். உன்னுடையதோடு சேர்த்து அதே அச்சில் செய்த இன்னொன்று இங்கே சுவரில் தொங்குகிறது.

நட்டைத் திருகாதே. காரணம் தெரியாமல் திருகினால் ஒன்றை மறைக்க இன்னொன்றைக் கெடுத்த கதையாகும்.

எடை பழையபடிதானே?

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

என் அளவைத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் நீதான். இத்தனை வருஷத்தில் ஒரு திரையைக்கூட யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. டீச்சரின் கண்ணாடி போன மாதம் மாற்றியது. அவரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உங்க தம்பி வரட்டும், பேசிக்கிறேன்" என்றார்.

காலி வண்டியை அளந்தோம். எட்டு. அப்பழுக்கில்லாத எட்டு. வேனில் முட்டவில்லை, சட்டம் வளையவில்லை, கண் தெரிகிறது. இப்போது நீதான் பதில் சொல்ல வேண்டும்.

எடை அதேதான். அறுபத்தெட்டு. ஒரு கிலோ கூடியும் இருக்கலாம், டீச்சர் வேளாவேளைக்கு ஏதாவது செய்து மாடிக்குக் கொண்டுவந்துவிடுகிறார். பொம்பளையிடம் எடையைக் கேட்கிறாயே, உனக்கு விவஸ்தை இல்லையா?

அங்கே குளிர் விட்டதா? இங்கே வெயில் ஏறிவிட்டது, எனக்கு மட்டும் பகலிலும் போர்வை வேண்டியிருக்கிறது. வயசாகிறது, வேறென்ன. வண்டியைப் பற்றி மட்டுமாவது எழுதிக்கொண்டிரு. திட்டியாவது எழுது. உன் கடிதம் வருகிற நாளில் மத்தியானம் நன்றாகப் போகிறது.

அக்கா


மே 7

அக்கா,

சுவரில் தொங்கிய சட்டத்தை இறக்கினேன். சக்கரம் மாட்டி, உன் வண்டியில் இருக்கிற அதே நீளத்துக்குக் கம்பிகளை ஏற்றி, காலியாக அளந்தேன். எட்டு. அறுபத்தெட்டு கிலோ மணல் பைகளை அடுக்கினேன். ஒன்றரை. சரியாக இருந்தது. உன் டேப் தப்பு என்று அப்போதும் நினைத்தேன். உனக்கு எழுதிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஏனோ ஒரு பையை எடுத்து வைத்துவிட்டு அளந்தேன். கொஞ்சம் ஏறியது. இன்னொன்றை எடுத்தேன். ஃபோர்மேன் வந்து, "என்னப்பா, கட்டில் வேலையை விட்டுட்டு மணலோட விளையாடுற?" என்றார். நான் அடுத்த பையை எடுத்தேன். இரண்டு வந்தது, இரண்டரை வந்தது. ஒவ்வொரு தடவையும் இது போதும், இந்த இடத்தில் நான்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று வந்தபோது இருக்கையில் கால்வாசி இடம் காலியாக இருந்தது. எனக்கு அதற்கு மேல் எடுக்க மனசில்லை. ஃபோர்மேன்தான் மீதியை எடுத்துக் கொடுத்தார், காரணம் கேட்காமல்.

நான்கு வந்தபோது இருக்கையில் மிஞ்சியது நாற்பத்திரண்டு கிலோ.

சட்டம் வளையவில்லை என்று நீயே எழுதினாய். அளவில் பிழை இல்லை என்று நீயே எழுதினாய். மாறக்கூடியது இனி ஒன்றுதான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் அக்கா, அதுவும் என்னிடம், இரண்டாம் தடவை.

நாலு நாளாகப் போன் செய்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. பேசினால் சண்டை வரும் என்று நீ எழுதச் சொன்னாய் என நம்பினேன். குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்றுதானே எழுதச் சொன்னாய்?

என் பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தின் வசம் இருக்கிறது. கேட்டிருக்கிறேன். இரண்டு மேஜை தாண்டி வர வேண்டும், தினமும் போய் நிற்கிறேன். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வருவேன். ஆனால் நீ சொல்ல வேண்டும். இந்தத் தடவையாவது உன் வாயால் முதலில் எனக்குச் சொல்.

தம்பி


மே 19

என் தம்பிக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பாதியை நான் எழுதி, பாதியை டீச்சரிடம் சொல்லி எழுதவைக்கலாம் என்று பார்த்தேன். அவர் இரண்டாவது வரியிலேயே அழுகிறார். அதனால் நானே எழுதுகிறேன், இரண்டு மூன்று நாளாக.

வயிற்றில் வந்திருக்கிறது. டிசம்பரில் தெரிந்தது. திறந்து பார்த்தார்கள், அப்படியே தைத்துவிட்டார்கள். தையல் நன்றாகப் போட்டிருக்கிறார்கள், அந்தக் குறை இல்லை. தையல் பிரிக்கப் போன அன்றுதான் டாக்டர் சொன்னாள், சின்னப் பெண். மேஜையைப் பார்த்துக்கொண்டே, "இனி வலி தெரியாம பாத்துக்கலாம்மா" என்றாள். அவளுக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பார்த்து, நான்தான் அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு அந்த வண்டியில்தான் வந்தேன். இறக்கத்தில் கைப்பிடி நடுங்கியது. என் கையா, கைப்பிடியா என்று முதலில் தெரியவில்லை. கைப்பிடிதான். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. யாரிடமாவது புகார் சொல்ல வேண்டும் போல இருந்தது. நோயைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் ஒரே குரலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள், மெதுவாக, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற மாதிரி. டீச்சர் அப்படித்தான் பேசுகிறார், பாவம். வண்டியைப் பற்றிச் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். ஆடத் தெரியாதவள் என்பாய். அதற்குத்தான் எழுதினேன், போதுமா? ஒரு மாதம் யோசித்து யோசித்து எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. அதில் அன்பாக ஒரு வார்த்தைகூட இல்லை. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வண்டி இழுக்கிறது என்று எழுதினேன். இழுத்தது வண்டியா, என் காலில் தெம்பு இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நீ டயர் தேய்கிறது என்று காரணம் சொன்னதும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வண்டியில்தான் கோளாறு, என்னிடம் இல்லை என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நட்டைத் திருகினால் சரியாகிவிடும் என்று.

அளவெடுக்க உட்கார்ந்தேனே, அதுதான் கடைசி. பஞ்சர்க் கடைக்காரர் தூக்கித்தான் உட்கார வைத்தார். "குழந்தை மாதிரி இருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துத் திரைகள் பாதியில் நிற்கின்றன. தைக்க டீச்சரின் தங்கை மகள் வருகிறாள், நான் படுத்தபடி சொல்கிறேன்.

எடையைப் பொய்யாக எழுதக் கை கூசவே இல்லை. நாலை ஒன்றரை என்று எழுத மட்டும் வரவில்லை. மூன்று தடவை எடுத்த அளவு, எப்படி மாற்றி எழுதுவேன்? எழுதியிருந்தால் நீ கண்டுபிடித்திருக்க மாட்டாய். அதை அன்றைக்கே யோசித்தேன். யோசித்துவிட்டு நான்கு என்றே எழுதினேன். ஏன் என்று கேட்காதே.

அம்மா விஷயத்தில் நான் செய்தது சரிதான். அது அம்மாவின் விருப்பம். என் விஷயத்தில் வேறு. அம்மாவைப் போல எனக்குத் தைரியம் இல்லை. நீ வேலையை விட்டு வரக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் நினைத்தேன். இன்றைக்கு முடியவில்லை.

வா. சீக்கிரம் வா. ஆனால் திட்டிக்கொண்டே வா. வாசலில் நின்று மெதுவான குரலில் பேசினாய் என்றால் என்னால் தாங்க முடியாது.

அக்கா


ஜூன் 1

அக்கா,

உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்தாயிற்று. கல்லுளிமங்கி, அழுத்தக்காரி, அம்மாவுக்கு மேல் ஒரு படி என்று ஆரம்பிக்கிறேன். நாலாவது வார்த்தைக்கு மேல் வரவில்லை. வழியில் பழகிக்கொண்டு வருகிறேன்.

பாஸ்போர்ட் இன்று மத்தியானம் கையில் கொடுத்தார்கள். நாளை காலை கிளம்புகிறேன். ஃபோர்மேன் கூடவே வந்து அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். உன் வண்டிக்காக இரண்டு கம்பிகளைப் புதிதாக வெட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு கிலோவுக்குச் சரியாக ஒன்றரை வருகிற மாதிரி. குறைந்திருந்தால் சொல், அங்கே வைத்தே திருகிக்கொள்ளலாம். பின்னால் நின்று தள்ளுவதற்கு ஒரு பிடியும் செய்திருக்கிறேன். மிதிக்க வேண்டியது இல்லை, நீ கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினால் போதும். எந்தத் தெருவுக்கு என்று நீதான் முடிவு செய்வாய், நான் தள்ளுவேன். தப்பாகத் திருப்பினால் அங்கேயே நின்று கத்துவேன், தெருவே பார்க்கட்டும்.

அம்மா விஷயத்தில் உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலேதான் வருகிறேன். அந்தச் சண்டை அப்படியே இருக்கிறது, நேரில் உட்கார்ந்து போட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நீ இல்லாத வாசலில் பெட்டியோடு நிற்கிறேன் என்று கனவு வருகிறது. டீச்சர்தான் கதவைத் திறக்கிறார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது. சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துவந்து கொடுக்கலாம். வேண்டுமென்றேதான் இங்கிருந்து தபாலில் போடுகிறேன். எனக்குப் பின்னால், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அங்கே வரும். தபால்காரர் வந்ததும் நானே வாங்கிப் பிரித்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிப்பேன். நீ நடுவில் குறுக்கிட்டு இது பொய், அது தப்பு என்று சண்டை போடலாம்.

தபால் வரும்வரை இரு.

தம்பி